விதைநீக்க அறுவைக்குப் பின் கினிப் பன்றியைத் தேற்றுதல்: வாங்கிய பொருள்களும் பெற்ற சேவையும்

விதைநீக்க அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஆண் கினிப் பன்றிக்கென்று கடைகளில் விற்கப்படும் பொருள்களில் பல, நாயையும் பூனையையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அளவைச் சற்றுச் சுருக்கி, பொட்டலத்தின் மேல் ஒரு முயலின் படத்தையும் அச்சிட்டுவிட்டால் அவை சிறு விலங்குகளுக்கும் பொருந்திவிடும் என்ற எண்ணத்தில் அவற்றைச் செய்கிறார்கள் என்றே தோன்றுகிறது. எங்கள் ஆண் கினிப் பன்றியான முத்துவை அறுவைக்குப் பின் கவனித்துத் தேற்றிய காலத்தில் பயன்படுத்திய உணவுத்தூள், சிரிஞ்சுகள், தராசு, விரிப்பு, வெப்ப அட்டை, கழுத்துப்பட்டை ஆகியவற்றையும், அறுவை செய்த மருத்துவமனையின் சேவையையும் பற்றி இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால்தான் எடைபோட்டிருக்கிறேன்: அந்தப் பொருள் கினிப் பன்றியின் குடல் தடையில்லாமல் இயங்க உதவுகிறதா, இல்லையா என்பதே அது.

தையலை விட்டுவிட்டுக் குடலைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று புதிதாக வளர்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். கினிப் பன்றி பகலிலும் இரவிலும் சிறுகச் சிறுகப் புல்லைக் கொறித்துக்கொண்டே இருக்கும் உயிர். அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் நாரை நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. மேலிருந்து நார் வந்துகொண்டிருக்கும் வரைதான் அந்தப் பை ஒழுங்காக வேலை செய்யும். வலியாலோ அச்சத்தாலோ மயக்க மருந்தின் அயர்ச்சியாலோ அது உண்பதை நிறுத்தினால் குடலின் அசைவு தளர்கிறது, தளர்ந்த குடலில் வாயு சேர்கிறது, வாயு சேரச் சேர வலி கூடுகிறது, வலி கூடினால் இன்னும் உண்ண மறுக்கிறது. இந்தச் சுழலை உடனே உடைக்காவிட்டால், தையல் எவ்வளவு நன்றாக ஆறிக்கொண்டிருந்தாலும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நாய் ஒரு வேளை உணவைத் தொடாவிட்டால் அடுத்த வேளை பார்க்கலாம் என்று இருந்துவிடலாம். கினிப் பன்றி அரை நாள் எதையும் தின்னாமல் முடங்கியிருந்தாலே மருத்துவரை அழைத்தாக வேண்டும்.

ஆகவே முதலிடம் தேற்று உணவுத்தூளுக்கு. தாவர உண்ணிகளுக்கென, திமோத்தி என்னும் தீவனப் புல்லை உலர்த்தி அரைத்துச் செய்யும் இத்தகைய தூள்களில் கால்நடை மருத்துவர்களிடையே நன்கு அறியப்பட்டது ஆக்ஸ்போ நிறுவனத்தின் கிரிட்டிக்கல் கேர். எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் அதுவே. பொட்டலத்தைப் பிரித்தவுடன் புதிதாக அறுத்து உலர்த்திய புல்லின் மணம் வந்தது. விரல்களுக்கிடையில் எடுத்து நெருடிப் பார்த்தால் மாவைப் போல வழுக்காமல் சிறு நார்த்துணுக்குகள் கையில் தட்டுப்படுகின்றன. இந்தக் கரடுதான் இந்தத் தூளின் உண்மையான மதிப்பு. நோயுற்ற விலங்குக்கு வயிற்றை நிரப்பும் ஏதோ ஒரு கூழ் போதாது. குடலைத் தள்ளி நகர்த்தும் நார் வேண்டும். அதோடு வைட்டமின் சி சேர்க்கப்பட்டிருப்பதும் முக்கியமானது. மனிதனைப் போலவே கினிப் பன்றியாலும் இந்த வைட்டமினைத் தன் உடலில் உருவாக்கிக்கொள்ள முடியாது. வெட்டுப்பட்ட தோலைப் பிணைக்கும் கொலாஜென் உருவாக அது தேவை என்பதால், அறுவைக்குப் பின் அதன் குறைபாடு காயம் ஆறுவதையே தாமதப்படுத்தும். நல்ல உடல்நிலையில் உள்ள கினிப் பன்றிக்கே ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் முதல் 30 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. தேறும் காலத்தில் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். குடிநீரில் கலக்கும் வைட்டமின் சொட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீரிலும் வெளிச்சத்திலும் இந்த வைட்டமின் விரைவில் சிதைந்துபோகிறது. அது போதாதென்று, நீரின் சுவை மாறியதால் விலங்கு குடிப்பதையே குறைத்துக்கொண்டால் இழப்பு இரட்டிப்பாகும்.

ஒரு பங்கு தூளுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வெதுவெதுப்பான நீர் சேர்த்துக் கலக்கி, சில நிமிடம் ஊறவிட வேண்டும். ஊறும்போது நார் நீரை உறிஞ்சிக் கூழ் இறுகுவதால், கலக்கிய உடனே இருக்கும் பதத்தை நம்பி சிரிஞ்சில் ஏற்றினால் பாதியில் இறுகிப்போகும். கரண்டியிலிருந்து மெதுவாக வழிந்து விழும் அளவுக்குத் தளர்வாக இருப்பதே சரியான பதம். கலக்கிய கூழைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து அன்றைக்குள் தீர்த்துவிட வேண்டும்; மிச்சத்தை மறுநாளுக்கு எடுத்து வைக்கக்கூடாது. பிரித்த பொட்டலத்தையும் காற்றுப் புகாமல் மூடிக் குளிர்ச்சியான இடத்தில் வைப்பது நல்லது. சோம்பு மணம் கொண்டது, ஆப்பிளும் வாழைப்பழமும் கலந்த மணம் கொண்டது என்று இந்தத் தூள் வெவ்வேறு மணங்களில் வருகிறது. முத்து சோம்பு மணத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்; பழ மணத்தை எந்த எதிர்ப்புமின்றி ஏற்றுக்கொண்டான். எல்லாக் கினிப் பன்றிகளுக்கும் ஒரே விருப்பம் இருக்காது என்பதால், அறுவைக்குச் சில நாள்கள் முன்பே சிறிதளவு கூழைக் கிண்ணத்தில் வைத்து எதை நக்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது பெரிய உதவி. வலியோடு இருக்கும் நேரத்தில் புதிய சுவையை அறிமுகப்படுத்துவது கடினம்.

ஊட்டும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல தூளையும் தவறாக ஊட்டிக் கேடு விளைவிக்க முடியும். மடியில் ஒரு டவலை விரித்து, கினிப் பன்றியின் பின்புறம் என் வயிற்றைத் தொடும்படி உட்கார வைத்து, டவலின் இரு ஓரங்களையும் அதன் மார்பைச் சுற்றித் தளர்வாகப் போர்த்திக்கொள்வேன். அடிவயிற்றில் தையல் இருப்பதால் எங்கும் இறுக்கக்கூடாது. இடது கையால் தாடையைத் தாங்கி, வலது கையில் உள்ள சிரிஞ்சின் நுனியை வெட்டுப்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையில் உள்ள பல்லில்லாத இடைவெளியில் பக்கவாட்டாக நுழைக்க வேண்டும். அரை மில்லிலிட்டர் கூழ் உள்ளே போனதும் நிறுத்திவிட வேண்டும். முதலில் தாடை அசையாமல் இருக்கும். பிறகு கன்னம் ஒரு பக்கமாக நகர்ந்து, காது மடல் லேசாகத் துடிக்க, மென்று விழுங்கும். அந்த மெல்லும் அசைவைக் கண்ட பிறகே அடுத்த அரை மில்லிலிட்டர். தலையை மேல்நோக்கிச் சாய்த்து ஊட்டுவது மிகவும் ஆபத்தானது. கினிப் பன்றியின் மென்மையான அண்ணம் நாக்கின் அடிப்பகுதியோடு இணைந்திருக்கிறது; அதில் உள்ள ஒரு சிறிய துளை வழியாகத்தான் உணவு தொண்டைக்குள் செல்ல முடியும். அவசரப்பட்டுப் பீய்ச்சினால் கூழ் மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலைப் பாதிக்கும். ஊட்டி முடித்ததும் தாடையின் கீழும் மார்பிலும் ஒட்டிய பச்சைக் கூழை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் மயிரோடு ஒட்டிக்கொண்டு அடியில் உள்ள தோலைப் புண்ணாக்கும்.

எதையுமே தானாக உண்ணாத கினிப் பன்றிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 80 மில்லிலிட்டர் கூழ் தேவைப்படும். அதை நான்கைந்து வேளைகளாகவோ அதற்கும் மேலாகவோ பிரித்து ஊட்ட வேண்டும். முத்து முதல் இரவிலேயே ஓரிரண்டு புல்லிழைகளைத் தானாக இழுத்துத் தின்றதால் அவ்வளவு ஊட்டத் தேவைப்படவில்லை. அவன் தின்னத் தின்ன ஊட்டும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தோம். எப்போது நிறுத்துவது என்பதைப் புழுக்கைகளும் தராசும் சொல்லிவிடும். ஒரு எச்சரிக்கையை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வயிறு உப்பி, தட்டினால் மத்தளம் போல ஒலிக்கும் நிலையில் இருந்தால் கூழை ஊட்டவே கூடாது. அது வாயு சிக்கிக்கொண்ட அல்லது குடல் முறுக்கிக்கொண்ட நிலையாக இருக்கலாம். எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இந்தத் தூளுக்கு மாற்றாக இன்னொரு தயாரிப்பாளரின் மிக நுண்ணிய தூளையும் வாங்கி வைத்திருந்தோம். சிரிஞ்சில் அது நீர் போல ஓடுகிறது, ஊட்டுவதற்கு எளிது. ஆனால் பொருள் பட்டியலில் தானிய மாவு முதலிடத்தில் இருந்தது. நார் குறைவு, மாவுச்சத்து அதிகம். ஊட்டுபவருக்கு எளிதாக இருப்பது குடலுக்கு நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கூழைக் கொஞ்சங்கூட மெல்ல வேண்டியிராததால் பற்களுக்கும் வேலை இல்லை. வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் பற்களைக் கொண்ட விலங்குக்கு அதுவும் ஒரு குறைதான். பூனைக்கும் நாய்க்கும் விற்கப்படும் இறைச்சி அடிப்படையிலான தேற்று உணவுகளை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது. குழந்தைகளுக்கான காய்கறிக் கூழ்கள் ஆபத்தில்லாதவையாகத் தோன்றினாலும் நார் இல்லாதவை. ஒரு வேளை அவசரத்துக்குச் சிறிது சேர்க்கலாம், அவற்றையே நம்பியிருக்க முடியாது. நள்ளிரவில் தூள் தீர்ந்துபோனால், வழக்கமாகத் தரும் திமோத்தி புல் உருண்டைகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து நன்றாக மசித்துக் கொடுப்பது அவற்றையெல்லாம் விடச் சிறந்த மாற்று.

சிரிஞ்சுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊசியில்லாத 1 மில்லிலிட்டர் சிரிஞ்சு வாய்க்குள் வைக்க மிக வசதியானது. அதன் குறுகிய நுனியில் நார் அடைத்துக்கொள்ளும் என்பதால், நுனியைக் குறுக்காக வெட்டி, வெட்டிய ஓரத்தை நெருப்பில் லேசாகக் காட்டியோ அரத்தால் தேய்த்தோ வழவழப்பாக்கிவிட வேண்டும். கூர்மையான ஓரம் ஈறுகளைக் கிழித்துவிடும். அகன்ற நுனியோடு கூழுக்கென்றே விற்கப்படும் சிரிஞ்சுகள் இந்த வேலையை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் 10 மில்லிலிட்டர் அளவு கொண்டவற்றில் தண்டைத் தள்ளும் விசையைக் கட்டுப்படுத்துவது கடினம், தடை விலகியவுடன் திடீரென நிறையக் கூழ் வெளியேறிவிடும். 3 மில்லிலிட்டர் அளவே நடுநிலையானது. மருந்துக்கு ஒன்று, கூழுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருப்பது நல்லது. கசப்பு மருந்தின் நினைவு கூழின் மேல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

வாங்கியவற்றிலேயே விலைக்கு மிகுதியாகப் பயன் தந்தது சமையலறை மின்னணுத் தராசுதான் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. கினிப் பன்றி வேட்டையாடப்படும் இனத்தைச் சேர்ந்தது. வலியையும் தளர்ச்சியையும் மறைத்துக்கொள்வது அதன் இயல்பு. வெளிப்பார்வைக்கு எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும்போதே எடை இறங்கத் தொடங்கியிருக்கும். அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் ஒரே நேரத்தில், காலை உணவுக்கு முன், எடையைக் குறித்து வைத்திருந்தால் மட்டுமே பின்னால் வரும் எண்களுக்குப் பொருள் இருக்கும். வளர்ந்த ஆண் கினிப் பன்றி பொதுவாக 900 முதல் 1200 கிராம் வரை இருக்கும். சில பத்து கிராம் ஏற்ற இறக்கம் வயிற்றில் உள்ள உணவாலும் சிறுநீராலும் ஏற்படுவது. எடை நாளுக்கு நாள் ஒரே திசையில் இறங்கினால் கூழைக் கூட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் காத்திருக்கக்கூடாது, மருத்துவரிடம் போயாக வேண்டும். தராசு வாங்கும்போது 1 கிராம் வரை துல்லியமாகக் காட்டுகிறதா, விலங்கு அசைந்தாலும் எண்ணை நிலைநிறுத்திக் காட்டும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல்தட்டில் ஆழமான ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து, அதன் எடையைக் கழித்துவிட்டு, உள்ளே ஒரு பிடி புல்லைப் போட்டால் முத்து எந்தப் பதற்றமுமில்லாமல் உட்கார்ந்துகொள்வான். புல்லையும் சேர்த்தே முதலில் கழித்துவிட வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது.

தராசுக்கு இணையான இன்னொரு கருவி புழுக்கை. இதற்குக் காசு செலவில்லை; கண்ணை மட்டும் செலவிட வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் கினிப் பன்றியின் புழுக்கைகள் ஒரே அளவாக, நீள்வட்டமாக, கரும்பழுப்பாக, உடைத்தால் உள்ளே நார் தெரியும்படி இருக்கும். அறுவைக்குப் பின் முதல் நாளில் அவை குறைந்து சிறுத்துப்போவது எதிர்பார்க்கக் கூடியது. கண்ணீர்த்துளி வடிவில் ஒரு முனை கூராக வருவதும், மயிரால் கோர்த்ததுபோல ஒன்றோடொன்று ஒட்டி வருவதும், பல மணி நேரம் ஒன்றுகூட வராமல் இருப்பதும் குடல் தளர்ந்திருப்பதைக் காட்டும் அறிகுறிகள். ஒவ்வொரு முறை விரிப்பை மாற்றும்போதும் புழுக்கைகளை ஒரு தாளில் கூட்டி எடுத்து, முந்தைய முறையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கொட்டினோம்.

இதைச் செய்ய முடிந்தது ஃப்ளீஸ் என்னும் மென்மையான செயற்கைத் துணியாலான விரிப்பால்தான். மரத்தூளும் மரச்சீவலும் தையலில் ஒட்டிக்கொள்ளும், ஈரமாகிக் கிருமிகளை வளர்க்கும். சில மரங்களின் சீவல் மூச்சுப் பாதையையும் உறுத்தும். ஆகவே தையல் ஆறும் வரை துணி விரிப்புத்தான் சரி. நாங்கள் வாங்கிய விரிப்பில் மேலே ஃப்ளீஸும் நடுவில் உறிஞ்சும் பருத்தி அடுக்கும் அடியில் நீர் கசியாத அடுக்கும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. புதிதாக வந்த நிலையில் சிறுநீர் மேலேயே முத்து முத்தாக நின்றது. ஃப்ளீஸ் துணியின் மேல் உள்ள பூச்சு போகும் வரை சில முறை துவைத்த பிறகே நீர் கீழே இறங்கத் தொடங்கியது; இதைப் பொட்டலத்தின் மேல் எங்கும் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவத்தைத் துவைக்கும்போது சேர்த்தால் பழையபடி நீர் மேலேயே நின்றுவிடும். வெளிர் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மிகுந்த நிறைவு: ஒரு துளி இரத்தமோ சீழோ பட்டாலும் உடனே கண்ணில் படும். அழகுக்காக அடர்நிறப் பூப்போட்ட விரிப்பை வாங்குவதைத் தவிர்க்கலாம். ஓரத் தையலில் நூல் பிரிந்து தொங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். நூல் காலில் சுற்றிக்கொள்ளும், அல்லது வயிற்றுக்குள் போகும். நாளுக்கு ஒரு முறையாவது, முதல் சில நாள்களில் இரண்டு முறை, விரிப்பை மாற்றுவதற்கு ஏற்பக் குறைந்தது மூன்று விரிப்புகள் கையில் இருக்க வேண்டும்.

வெப்ப அட்டையைப் பற்றி எனக்குப் பாதி மனநிறைவுதான். மயக்கம் தெளியும் நேரத்தில் சிறிய உடல் வெப்பத்தை விரைவாக இழந்துவிடும் என்பதும், உடல் குளிர்ந்தால் குடலும் மந்தமாகும் என்பதும் உண்மை. முதல் இரவில் ஒரு வெதுவெதுப்பான மூலை அவசியம். மின்சாரத்தில் இயங்கும் அட்டையை நாங்கள் விரைவிலேயே ஒதுக்கிவிட்டோம். கம்பியைக் கடித்துவிடும் அச்சம் ஒரு பக்கம், வெப்பத்தைக் குறைக்கும் வசதி இல்லாதது இன்னொரு பக்கம். சூடாக்கிப் பயன்படுத்தும் மின்கம்பியில்லாத வட்டத் தட்டு, துணியுறைக்குள் வைத்தால் பல மணி நேரம் மிதமான வெப்பத்தைத் தந்தது. எதைப் பயன்படுத்தினாலும் கூண்டின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும், விலங்கு விரும்பினால் விலகிச் செல்ல இடம் இருக்க வேண்டும். கினிப் பன்றி குளிரைவிட வெப்பத்துக்கே எளிதில் பலியாகும் விலங்கு; அறையின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணறத் தொடங்கும்.

கூம்பு வடிவக் கழுத்துப்பட்டையை வாங்க வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்வேன். தையலை நக்காமல் தடுக்கிறது என்பது அதன் நோக்கம். ஆனால் கினிப் பன்றி தன் குடலிலிருந்து வரும் மென்மையான புழுக்கைகளை ஆசனவாயிலிருந்தே எடுத்து உண்டு, பி வைட்டமின்களையும் நுண்ணுயிரிகளையும் மீண்டும் பெற்றுக்கொள்கிறது. பட்டை அணிந்தால் அதைச் செய்ய முடியாது. புல்லை எட்ட முடியாது. நீர்க்குழாயைத் தொட முடியாது. அச்சத்தில் ஒரே இடத்தில் உறைந்து கிடக்கும். மென்மையான துணியால் செய்த பட்டையும் இதே குறைகளைச் சற்றுக் குறைந்த அளவில் கொண்டதே. உடலைச் சுற்றிப் போர்த்தும் அறுவைச் சட்டையை அணிவித்துப் பார்த்தபோது, அது சிறுநீரில் நனைந்து தையலின் மேலேயே ஒட்டிக்கொண்டது. ஈரத்தைக் காயத்தோடு சேர்த்துக் கட்டி வைப்பதற்கு நிகரான அந்த ஏற்பாட்டை உடனே கழற்றிவிட்டோம். தையல் தோலுக்கு அடியில் போடப்பட்டு, வலி மருந்து சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் பெரும்பாலான கினிப் பன்றிகள் காயத்தைத் தொந்தரவு செய்வதில்லை. விடாமல் நக்கினால், அதை வலியின் அல்லது தொற்றின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுவதே முறை.

வலி மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் கொடுத்தது மெலாக்சிகாம் கலந்த, இனிப்புச் சுவையுள்ள திரவம். அதை எதிர்க்காமல் குடித்துவிடும் அளவுக்குச் சுவையாக இருந்தது மிகப் பெரிய வசதி. வலி மருந்தை ஒரு வேளை தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்கள், நான் முன்பு சொன்ன சுழலின் முதல் கண்ணி வலிதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். முதுகைக் கூனிக்கொண்டு, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, கண்களைப் பாதி மூடியபடி மூலையில் உட்கார்ந்திருப்பதும், பற்களை நறநறவென அரைப்பதும், பொட்டலச் சத்தம் கேட்டும் ஓடி வராமல் இருப்பதும் வலியின் வெளிப்பாடுகள். அளவு, வேளை, எத்தனை நாள் என்பவற்றையெல்லாம் விலங்கின் எடையைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பது உயிருக்கு உலை வைப்பது. நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப் பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சை உண்டாக்கும். நாய்க்கும் பூனைக்கும் அன்றாடம் எழுதப்படும் மருந்துகள் இவற்றில் உண்டு என்பதால், மருந்துச் சீட்டில் இவற்றில் ஒன்றைக் கண்டால் தயங்காமல் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

இனி மருத்துவமனையின் சேவை. அறுவையின் தரத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சிறு விலங்குகளில் பயிற்சி பெற்ற மருத்துவர், நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக விடை சொன்னார். கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் நாயைப் போல இரவு முழுவதும் பட்டினி போடத் தேவையில்லை என்றும், கன்னத்தில் ஒதுங்கிய உணவைக் கழுவி அகற்றிவிட்டே மயக்கம் கொடுப்பதாகவும் சொன்னார். ஆண் கினிப் பன்றியின் தொடை இடுக்கில் உள்ள துளை வாழ்நாள் முழுவதும் திறந்தே இருக்கும். விதையை நீக்கிய பிறகு அதை மூடித் தைக்காவிட்டால் குடலோ கொழுப்போ அதன் வழியாக வெளியே பிதுங்கிவிடலாம். அதைத் தைத்து மூடுவீர்களா என்ற கேள்வியே ஒரு மருத்துவரின் அனுபவத்தை அறிய நல்ல வழி என்று நான் நினைக்கிறேன். விதைப்பையில் கீறாமல் அதற்கு முன்னால் வயிற்றுப் பகுதியில் கீறியதால், காயம் தரையில் உராய்வதும் சிறுநீரில் நனைவதும் குறைவு என்பதையும் விளக்கினார். முத்து தானாகச் சிறிது தின்று, புழுக்கையும் போட்ட பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த ஒன்றுக்காகவே அந்த மருத்துவமனையை மீண்டும் நாடுவேன்.

குறை, கையில் கொடுத்த அச்சிட்ட குறிப்புத்தாளில் இருந்தது. எல்லா விலங்குகளுக்கும் ஒரே தாள். இரவு உணவைப் பாதியாகக் குறைக்கவும், மறுநாள் காலை வரை உண்ணாவிட்டால் கவலைப்பட வேண்டாம், பத்து நாள் கழுத்துப்பட்டை அணிவிக்கவும் என்றெல்லாம் அதில் இருந்தது. மருத்துவர் வாயால் சொன்னதும் தாளில் அச்சிட்டிருந்ததும் நேருக்கு நேர் முரண்பட்டன. வீட்டில் பதற்றத்தோடு இருக்கும் ஒருவர், நினைவில் நிற்காத பேச்சைவிட்டு அச்சில் இருப்பதைத்தான் நம்புவார். சிறு விலங்குகளைச் சிகிச்சைக்கு ஏற்கும் எந்த மருத்துவமனையும் அவற்றுக்கெனத் தனிக் குறிப்புத்தாளை வைத்திருப்பது அறுவைக்கு நிகரான கடமை என்றே கருதுகிறேன். இதைச் சுட்டிக்காட்டியபோது அவர்கள் நன்றியோடு குறித்துக்கொண்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

காயத்தைத் தினமும் இரண்டு முறை பார்க்க வேண்டும். ஒருவர் மார்பையும் பின்புறத்தையும் தாங்கி நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் விளக்கொளியில் பார்ப்பது எளிது. முதல் நாளில் கீறலின் ஓரங்கள் இளஞ்சிவப்பாகவும் சற்றுத் தடித்தும் இருந்தன. பிறகு தடிப்பு வடிந்து, மயிர் மழித்த தோலில் மெல்லிய கோடாக மட்டும் தெரிந்தது. விதைப்பை வெறுமையாகியும் சில நாள்கள் வீங்கியிருப்பது இயல்பு. வடிந்த வீக்கம் மீண்டும் எழுவதும், ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக உருண்டு தொட்டால் சூடாக இருப்பதும் சீழ்க்கட்டியாக இருக்கலாம். ஆண் கினிப் பன்றிகளின் விதைநீக்கத்துக்குப் பின் ஏற்படும் சிக்கல்களில் இதுவே பரவலாகக் காணப்படுவது. கினிப் பன்றியின் சீழ் திரவமாக வடியாமல் பாலாடைக்கட்டி போலக் கெட்டியாக இருக்கும் என்பதால், தானாக உடைந்து வடிந்துவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மருத்துவர் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். களிம்பு எதையும் நாமாகத் தடவக்கூடாது. தடவியதை எல்லாம் நக்கித் தின்றுவிடும். குளிப்பாட்டவும் கூடாது.

கடைசியாக, வாங்கியவற்றில் மிக எளிய பொருளான கம்பித் தடுப்பு. கூண்டை இரண்டாகப் பிரிக்கும் இந்தக் கம்பிச் சட்டங்களை ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளலாம். கம்பிகளின் இடைவெளி தலை நுழையாத அளவுக்குக் குறுகலாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். கினிப் பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. தேறும் காலத்தில் தனி அறையில் ஒதுக்கிவிட்டால் மனச்சோர்வில் உண்பதைக் குறைத்துவிடும். தடுப்புக்கு அப்பால் பெண் துணையின் குரலும் மணமும் இருந்தபோது முத்து கம்பியோரமாகவே படுத்துப் புல்லைத் தின்றான். துணை மெல்லும் சத்தம் கேட்டால் தானும் மெல்லத் தொடங்குவான். ஆறு வாரம் வரை இந்தத் தடுப்பை அகற்றக்கூடாது. விதைகளை நீக்கிய பின்னும் குழாய்களில் எஞ்சியிருக்கும் விந்தணுக்களால் கருத்தரிக்க வைக்க முடியும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. காயம் ஆறிவிட்டதே, இருவரும் ஒருவரையொருவர் தேடுகிறார்களே என்று வீட்டில் யார் கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்கக்கூடாது. பெண் கினிப் பன்றியின் இடுப்பெலும்பு இணைப்பு, முன்னர் ஈன்றிராவிட்டால், ஆறு முதல் ஒன்பது மாத வயதுக்குள் இறுகிவிடுகிறது. அதன் பிறகு முதன்முறையாகக் கருவுற்றால் குட்டிகளை ஈன முடியாமல் தாயும் குட்டிகளும் இறக்கும் ஆபத்து மிகுதி. எங்கள் பெண் கினிப் பன்றி அந்த வயதைத் தாண்டியவள், ஒரு முறையும் ஈன்றிராதவள். ஆறு வாரம் முடிந்து, மருத்துவர் காயத்தை இன்னொரு முறை பார்த்து ஒப்புதல் தந்த பிறகே தடுப்பை எடுத்தோம்.